குறையாத மை

சந்தேகம் என்கிற சரக்கு தன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிடையாது என்று சங்கரசுப்பிரமணியன் சார்வாள் ஆசிரியர் அறையில் அறிவித்தபோது, அவர் முகத்தில் விளையாட்டின் சாயல் துளியும் இல்லை. "எங்க தாத்தாவுக்குக் கிடையாது, அப்பாவுக்குக் கிடையாது, எனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது" என்றார். சிலருக்குச் சர்க்கரை வியாதி பரம்பரையாக வருவதுபோல அவருக்கு நம்பிக்கை வந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த டிராயிங் மாஸ்டர், "அப்படியா?" என்றார்.

"அப்படியான்னா என்ன வே அர்த்தம்? நான் சொல்லுததுல உமக்கு என்ன சந்தேகம்?" என்று சார்வாள் அவரை உற்றுப் பார்த்தார்.

சார்வாள் சும்மா சொல்லவில்லை, ஆதாரம் வைத்திருந்தார். அது கையால் சுற்றி நகல் அடிக்கிற ஒரு சைக்ளோஸ்டைல் மிஷின். செங்கோட்டையில் ஏதோ ஒரு சங்கத்தை இழுத்து மூடியபோது, மேஜை நாற்காலிகளை யார் யாரோ ஏலம் எடுத்துப்போக, மிஷினை மட்டும் சார்வாளும் அவர் தம்பி தில்லைநாயகமும் கூட்டாக எடுத்து மாட்டுவண்டியில் தென்காசிக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணன் கணக்கு வாத்தியார். கேள்வித்தாளும் டியூஷன் குறிப்பும் அடிக்க வேண்டும். தம்பி குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவன். சீசன் வந்தால் நோட்டீஸ் அடித்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கையில் திணிக்க வேண்டும்.

அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். பின்னால், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, முன்பு விறகு அடுக்கிய அறை ஒன்று உண்டு. மிஷின் அங்கேதான் நின்றது. அந்த அறைக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு கதவு, அந்த வீட்டிலிருந்து ஒரு கதவு. இரண்டிலும் தாழ்ப்பாள் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மற்றவர்கள் பூஜை அறையைக் காட்டுவதுபோல, சார்வாள் அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கதவுகளைக் காட்டுவார்.

மிஷினைப் பேணுவதிலும் ஒரு முறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சார்வாள் உருளையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் குளிப்பாட்டுவார். தில்லைநாயகத்தின் மனைவி குழல்வாய்மொழி பழைய வேட்டியைக் கிழித்து, உருளையில் சுற்றுகிற துணியைத் தைத்துக் கொடுப்பாள். சாரல் மாதங்களில் தாளெல்லாம் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தில்லைநாயகம் அவற்றைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய், லாட்ஜில் வெந்நீர் கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் அடுக்கி, மொறுமொறுவென்று திருப்பிக் கொண்டுவருவான். மை டின் மட்டும் சார்வாளுடையது. "மை என்னலே பெரிய மை! வேணுங்கத எடுத்துக்கோ. உன்கிட்டப் போயி நான் அளந்து பாக்கப்போறேனா?" என்பார்.

இந்தப் பெருந்தன்மை முழு வெளிச்சத்தில் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் அற்பன் வேண்டுமல்லவா? அதற்கு எதிர்வீட்டுப் பஞ்சாபகேசன் இருந்தார். வக்கீல் குமாஸ்தா. யாராவது ரேடியோவை இரவல் கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் பின்பக்கத்து மூடியைத் திறந்து பேட்டரிகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் ரேடியோவைக் கொடுப்பார். தன் சொந்த மச்சானுக்கே அப்படித்தான் கொடுத்தார். "பாதியக் கொடுத்துட்டு மீதிய மடியில வச்சுக்கிடுத மனுஷன்" என்று சார்வாள் அவரைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வகுப்பில் பின்னம் நடத்தும்போதுகூட உதாரணம் அவர்தான்.

எண்பத்திரண்டாம் வருஷம் சீசன் நன்றாக இருந்தது. ஆவணி பிறந்தும் அருவியில் கூட்டம் குறையவில்லை. காலாண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் சார்வாளைத் தனியே அழைத்து, இந்த முறை பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை எழுதுவதும் வீட்டிலேயே அச்சடிப்பதும் அவர் பொறுப்பு என்றார். ஆண்கள் பள்ளி, அதே நிர்வாகத்தின் பெண்கள் பள்ளி, இரண்டுக்கும் ஒரே தாள். திருத்துவதும் அவரே. "உதவித் தலைமையாசிரியர் இடம் வருஷக் கடைசியில காலியாகுது. உம்ம பேரைத்தான் நினைச்சிருக்கேன். ஆனா பேப்பர் மட்டும் வெளிய கசிஞ்சுது, அதோட உம்ம பேரும் கசிஞ்சிரும்" என்றார்.

சார்வாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுத்தைக் கீறுகிற மெழுகுத் தாளான ஸ்டென்சில் வாங்கக் கூலக்கடை பஜாருக்குப் போனார். அங்கே பேப்பர்க் கடை வைத்திருந்த பீர் மைதீன், ஸ்டென்சிலைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு ஒருமாதிரியாக இழுத்தார்.

"சார்வாள், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"கேளும் வே."

"கடைய மாத்திட்டியளோ?"

"எந்தக் கடைய?"

"மை வாங்குத கடைய. வைகாசியில ஒரு டின்னு கொண்டுபோனிய. போன சீசன்ல உங்க தம்பி நோட்டீசு அடிச்ச அடிக்கு டின்னு மேல டின்னாப் போச்சு. இந்த வருஷம் ஸ்டென்சில் போகுது, தாளு போகுது, மை மட்டும் போகல. மை இல்லாமயா சார்வாள் அடிக்கிய? அல்லா அறிய, நான் வெலய ஏத்தலயே."

சார்வாள் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போய் டின்னின் மூடியைத் திறந்தார். கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட்டில் அரிசி மூட்டைக்குள் கம்பியைக் குத்திப் பார்ப்பதுபோல ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்தார்.

டின் நிறைய மை இருந்தது.

"ருக்கு!" என்று கூப்பிட்டார். அவர் மனைவி ருக்மிணி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த முறத்தோடு வந்து நின்றாள்.

"இந்த மை குறையல."

"நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது? நான் எடுத்திருக்கேன், அவன் எடுத்திருக்கான். எடுத்தா குறையணும். இது கழித்தல். இங்க கூட்டல் நடந்திருக்கு. யாரு கூட்டுனா?"

"மை குறைஞ்சிருந்தா தம்பி மேல சந்தேகப்படலாம். குறையலன்னாலும் சந்தேகமா உங்களுக்கு?"

"சந்தேகமா? எனக்கா?" சார்வாள் திடுக்கிட்டார். "நான் கவனிக்கேன். கவனிக்கது வேற, சந்தேகம் வேற."

"செருப்ப வெளிய போட்டுட்டு வந்து கவனிங்க" என்று அவள் போய்விட்டாள்.

சார்வாள் கவனிக்க ஆரம்பித்தார். கணக்கு வாத்தியார் ஆனதால் படிப்படியாகப் போனார். மை குறையவில்லை என்றால் யாரோ வெளியிலிருந்து மை கொண்டுவருகிறார்கள். தாராளமாக மை இருக்கும் வீட்டுக்கு ஒருவன் எதற்குச் சொந்த மை கொண்டுவருகிறான்? நிறைய அடிக்கிறான், அடிப்பது வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கிறான். ஆவணி மாதத்தில், தென்காசியில், வெளியே தெரியாமல் அடிக்க வேண்டிய சரக்கு என்ன இருக்கிறது? கடைசிப் படியில் கேள்வித்தாள் நின்றது. தம்பி மகள் ஆவுடை பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு. முதல் மாதத் தேர்வில் கணக்கில் நல்ல மார்க். மிஷினில் கழிந்துபோன தாள்களை அவள் மடித்துப் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனதை அவரே பார்த்திருக்கிறார். அன்றைக்கு அது சிக்கனமாகத் தெரிந்தது.

மத்தியானம் தில்லைநாயகம் சாப்பாட்டுக்கு வந்தபோது சார்வாள் வாசலில் தற்செயலாக நிற்பதுபோல நின்றார்.

"சீசன் எப்பிடிலே?"

"குறைவில்ல அண்ணாச்சி. ரூமு கேட்டு மெட்ராஸ்காரங்க நிக்காங்க."

"நோட்டீசெல்லாம் அடிக்கியா?"

"அடிக்கேன் அண்ணாச்சி."

"மை?"

தில்லைநாயகம் முகத்தை வேறு பக்கம் திருப்பினான். "மைக்கு என்ன அண்ணாச்சி, கறுப்பாத்தான் இருக்கு."

"கறுப்பா இருக்கது தெரியும்லே. போதுதா?"

"அதெல்லாம் போதும். சோறு ஆறுது, வாறேன்" என்று உள்ளே நழுவிவிட்டான். நழுவும்போது அவன் நகக்கண்ணில் கரி இருந்ததைச் சார்வாள் கவனித்தார். உள்ளே குழல்வாய்மொழியின் குரல் ஏதோ கேட்பதும், இவன், "சொல்லலட்டி, ஒண்ணும் சொல்லல" என்பதும் காதில் விழுந்தது. சுவரோரம் நின்றால் அப்படி விழத்தான் செய்யும். சார்வாள் சுவரோரம் நின்றிருந்தார்.

இப்படி நிற்பதை எதிர்வீட்டிலிருந்து பஞ்சாபகேசன் பார்த்துவிட்டார். தொழில் தெரிந்த ஒருவன் புதிதாகத் தொழிலுக்கு வந்தவனைப் பார்க்கிற வாஞ்சையோடு இறங்கி வந்தார்.

"என்ன ஓய், சுவத்துக்குக் காய்ச்சலா? காதை வச்சுப் பாக்கறீர்?"

"சுண்ணாம்பு உதிருது. பாத்தேன்."

"உதிரும், உதிரும். கூட்டுச் சொத்துன்னா உதிரத்தான் செய்யும். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கும். அந்த மிஷின்லேர்ந்து ஏதாவது ஒரு சாமானைக் கழட்டி வச்சுண்டுடும். ராத்திரி நிம்மதியாத் தூக்கம் வரும். நான் தூங்கறேனோல்லியோ?"

"நீர் தூங்கலாம் ஐயரே. உம்ம மச்சான் வெறும் ரேடியோவ மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். எங்க வீட்ல அந்தப் பழக்கம் கிடையாது."

"அப்போ சுண்ணாம்பையே பாரும்" என்று பஞ்சாபகேசன் வருத்தத்தோடு போனார்.

கழற்றி வைப்பது அற்பத்தனம். பொறி வைப்பது அப்படியல்ல. அது ஓர் ஆய்வு. சார்வாள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். காலாண்டுத் தாளின் முன்பக்கத்துக்கு ஒரு ஸ்டென்சிலும், பின்பக்கத்துக்கு உண்மையான ஸ்டென்சில் ஒன்றும் கம்பிப் பேனாவால் எழுதினார். பின்பக்கத்துக்கு அதே மாதிரி இன்னொன்றும் எழுதினார். ஏழாவது கேள்வி மட்டும் வேறு. 'ஒரு குழாய் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். மற்றொரு குழாய் அதே தொட்டியை ஆறு மணி நேரத்தில் காலி செய்யும். காலியான தொட்டியில் இரண்டையும் ஒருசேரத் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும்?' இந்தத் தொட்டி எந்த ஜென்மத்திலும் நிரம்பாது. ஆவுடை என்றைக்காவது, "பெரியப்பா, ரெண்டு குழாய் இருந்தா எப்பிடி?" என்று வாயைத் திறந்தால் போதும், கசிவு எங்கே என்று தெரிந்துவிடும்.

பொறி ஸ்டென்சிலை மிஷினுக்கு மேலே பலகையில் பழைய பேப்பருக்கு நடுவே வைத்தார். உண்மையானதைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்தார். காபி குடிக்கும்போது ஒன்று தோன்றியது: திருட நினைக்கிறவன் பலகையிலா தேடுவான்? பெட்டியில்தான் தேடுவான். உடனே எழுந்து இடம் மாற்றினார். குளிக்கும்போது இன்னொன்று தோன்றியது: தான் இப்படி யோசித்திருப்பேன் என்று திருடனும் யோசித்திருந்தால்? ஈரத் துண்டோடு போய் மறுபடி மாற்றினார். அடுத்த நாளும் அந்த ஸ்டென்சில்கள் ஓர் இடத்தில் நிலையாகக் கண்ணயரவில்லை. இத்தனைக்கும் ஆவுடை அந்தப் பக்கமே வரவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. குற்றமில்லாத பிள்ளை என்றால் எப்போதும்போல வந்து போக வேண்டியதுதானே?

சனிக்கிழமை தம்பி வீட்டுக் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அடைத்துக்கொண்டு, முன்பக்கத்தை அடித்து முடித்த பின் பெட்டியிலிருந்த ஸ்டென்சிலை உருளையில் மாட்டி, மை தடவி, கைப்பிடியைச் சுற்றினார். தாள்கள் இரண்டு பக்கமும் அச்சாகி மளமளவென்று விழுந்தன. மை கொஞ்சம் வழவழப்பாக இருப்பதுபோலப் பட்டது. மையின் மேலே சந்தேகப்படுகிற நிலைமையில் அவர் இல்லை. மனுஷர்களே நிறையப் பாக்கி இருந்தார்கள். கட்டைக் கட்டி அரக்கு வைத்தார். பொறி ஸ்டென்சில் என்று அவர் நம்பியது பலகையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவே உண்ட மயக்கத்தில் கிடந்தது. சார்வாள் பின்னறையில் தாள் கட்டுகளை ஒரு சுவராக அடுக்கி, அதன் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் மரத்தது. மூக்கில் தூசி ஏறியது. தும்மலைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி வீட்டுக் கதவு மெல்லத் திறந்தது.

குழல்வாய்மொழி வந்தாள். கையில் ஒரு வெண்கலக் கிண்ணம். பண்டிகைக்குப் பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொண்டுபோகிறவள்போல, அதை ஒரு வாழையிலைத் துண்டால் மூடியிருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். மை டின்னைத் திறந்தாள். கிண்ணத்திலிருந்ததை அதில் ஊற்றினாள். ஈர்க்குச்சியால் கலக்கினாள். டின்னின் விளிம்பில் வழிந்ததை இலைத் துண்டால் துடைத்தாள்.

"குழலு!" என்று சார்வாள் எழுந்தார். கால் மரத்திருந்ததால் பாதிதான் எழ முடிந்தது.

கிண்ணம் கீழே விழவில்லை. அவள் அந்த மாதிரி ஆள் இல்லை. "அத்தான்! தாளுக்குப் பின்னால என்ன பண்ணுதிய?"

"தாள எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"குத்தவச்சா?"

"அது கெடக்கட்டும். கிண்ணத்துல என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மை."

"எந்தக் கடை மை? யாரு குடுத்தது?"

"கடையில்ல அத்தான், நானே கொழச்சது. லாட்ஜு அண்டாவுக்கு அடியில கரி கனமாப் படியுது. அவுக சுரண்டிக் கொண்டாருவாக. துணியில சலிச்சு, வெளக்கெண்ணெயில கொழச்சேன். கறுப்பா நல்லாத்தான் வந்துது."

சார்வாள் தாள் கட்டைப் பிடித்துக்கொண்டு மீதிப் பாதியும் எழுந்தார். "எதுக்கு?"

"எதுக்கா?" இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல அவள் நிமிர்ந்தாள். "உங்க டின்ன எடுத்துப் பொழங்குதோம். பொழங்குன ஏனத்த வெறுமன திருப்பி வைக்க முடியுமா? அக்காகிட்ட மோர் வாங்குன கிண்ணத்துலகூட ஒரு துண்டு கருப்பட்டியாவது போட்டுத்தான அனுப்புதேன். ஆய்க்குடியில எங்க வீட்ல வெறுங்கிண்ணம் வாசல் தாண்டாது."

"அத ஏம்மா ஒளிச்சுச் செய்யுத?"

"குடுத்தத வாயால சொல்லிக்காட்டலாமா அத்தான்? அவுகளையும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிவச்சிருக்கேன்."

"ஆவுடை கழிஞ்ச தாள எல்லாம் எடுத்துக்கிட்டுப் போறாளே?"

"பின்பக்கம் வெறுமனதான கெடக்கு, எழுதிப் பாக்கா. முன்பக்கத்துல உங்க பழைய டியூஷன் கணக்கு இருந்தா, அதையும் போட்டுப் பாக்கா. வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"சே சே! எழுதட்டும், எழுதட்டும்" என்றார் சார்வாள். நெஞ்சிலிருந்து ஒரு தாள் கட்டு இறங்கியதுபோல இருந்தது. மகிழ்ச்சியில் கொஞ்சம் கிண்டலும் வந்தது. "கரியும் எண்ணெயும் சேத்தா மையா? நல்லவேளை, உளுந்து அரைச்சு ஊத்தல." அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் போன பிறகுதான் நேற்று எந்த மையில் அடித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. அரக்கை உடைத்து ஒரு தாளை உருவிப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி நிலவுக்குக் கோட்டை கட்டியதுபோல ஒரு வளையம். காய்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பவும் கட்டி, அரக்கு வைத்தார். பயத்தில் எழுத்தின் ஓரத்தைப் பார்த்தாரே தவிர, எழுத்தைப் படிக்கவில்லை.

விளக்கெண்ணெய் காயவில்லை. திங்கட்கிழமை பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாள்கள் வடை சுற்றிவந்த காகிதம்போல மினுமினுத்தன. முன்பக்கம் பின்பக்கத்தில் தெரிந்தது. பின்பக்கம் முன்பக்கத்தில் தெரிந்தது. பையன்கள் தாளை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பிடித்து, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள். சார்வாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒரு பையன் எழுந்து, "சார், ஏழாவது கணக்கு வரமாட்டேங்குது" என்றான்.

"எல்லாம் வரும். உக்காருலே."

"தொட்டி நிரம்ப மாட்டேங்குது சார்."

சார்வாள் அவன் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டு குழாய்களும் ஆறு ஆறு மணி நேரம் என்று அவர் கையெழுத்திலேயே அவரைப் பார்த்துச் சிரித்தன. இடம் மாற்றிய மாற்றத்தில் பெட்டிக்குள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது பொறி. மண்டபம் முழுக்க, பக்கத்துப் பெண்கள் பள்ளியிலும் சேர்த்து, அத்தனை பிள்ளைகளும் நிரம்பாத தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தலைமையாசிரியர் ஒரு கேள்வித்தாளை விரல் நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரை வரச் சொன்னார். சார்வாள் உதவித் தலைமையாசிரியர் நாற்காலி தன்னைவிட்டு விலகி நடந்துபோவதைக் கண்ணால் பார்த்தார்.

"பேப்பர் வெளிய போகல. அது சந்தோஷம்" என்றார் தலைமையாசிரியர். "ஏழாவது கேள்வி நீர் வேணும்னே போட்டதா?"

சார்வாள் கேள்வித்தாளை எட்டிப் பார்த்தார்.

"சும்மா ஃபார்முலாவப் போட்டு விடை எழுதுத பயல்களப் பிடிக்கப் போட்ட கேள்விதானே? நல்ல யோசனை வே! இதுக்கு யாரு சரியா எழுதியிருக்கான்னு திருத்திட்டு எனக்குச் சொல்லும்."

"அதுக்காகத்தான் சார் போட்டேன்" என்றார் சார்வாள்.

"ஆனா இந்த எண்ணெய்! பேப்பரைத் தொட்டுட்டு நான் கைய சோப்புப் போட்டுக் கழுவினேன். அரையாண்டுக்குச் சுத்தமா வரணும். கசியவும் கூடாது, ஒட்டவும் கூடாது. இல்லன்னா வேலை வெளிய அச்சாபீசுக்குப் போயிரும். அப்புறம் உம்ம பேர நான் எப்பிடிச் சொல்லுதது?"

அன்றைக்கே சார்வாள் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். ஆண்கள் பள்ளியில் தொட்டி மூன்று மணி நேரத்தில் நிரம்பியது, பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பியது, ஒருவனுக்கு முந்தின நாளே நிரம்பி வழிந்தது. பெண்கள் பள்ளிக் கட்டிலும் அதே வெள்ளம். கடைசி விடைத்தாளுக்கு வந்தார். குண்டு குண்டான கையெழுத்து. 'நிரம்பாது. வருகிற தண்ணீர் அப்படியே போய்விடும். ஒரு குழாயை மூட வேண்டும்.'

பெயரைப் பார்த்தார். தி. ஆவுடையம்மாள்.

முதலில் பெருமையாக இருந்தது. நம்ம ரத்தம் என்று தோன்றியது. ருக்மிணியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா? ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் நம்ம ஆவுடை ஒருத்திதான்!"

"நான் அன்னைக்கே சொன்னேன், அது படிக்கத பிள்ளைன்னு" என்றாள் ருக்மிணி.

"ஒருத்திதான்" என்று சார்வாள் மறுபடி சொன்னார். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒருத்திதான். மற்ற யாருக்கும் வராதது. அந்த ஸ்டென்சில் எந்த நாளில் எந்த இடத்தில் இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்க முயன்றார். அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குழல்வாய்மொழியும் தில்லைநாயகமும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எண்ணெய்க் கதை பள்ளிக்கூடத்திலிருந்து ஆவுடை மூலம் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. குழல்வாய்மொழியின் கண் கலங்கியிருந்தது. அவள் கையில் இன்றைக்கும் ஒரு கிண்ணம்; சார்வாள் ஓர் அடி பின்வாங்கினார். அதில் பால்கோவா இருந்தது.

"என்னால உங்களுக்கு ஏச்சு கேக்க வேண்டியதாயிட்டே அத்தான்" என்றாள்.

"இனிமே நாங்க மிஷினத் தொடல அண்ணாச்சி" என்றான் தில்லைநாயகம். "வெளிய அடிச்சுக்கிடுதேன். நீங்க எம்மேல சந்தேகப்பட்டுருவிய."

சார்வாள் எழுந்து நின்றார். குரலில் மூன்று தலைமுறை ஏறியது. "ஏலே தில்லை, என்ன வார்த்தை சொல்லிட்ட! சந்தேகமா? நானா? அந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் உண்டா? இனியும் கிடையாது. எப்பவும்போல நீ வா, நீ எடு, நீ அடி. கூட்டு மிஷின்னா கூட்டு மிஷின்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூட வேண்டாம். என்ன ருக்கு?"

ருக்மிணி பால்கோவாவுக்குத் தட்டு எடுக்கப் போனாள். தில்லைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எல்லாரும் பால்கோவா தின்றார்கள். ஆவுடைக்கு என்று ருக்மிணி வெறுங்கிண்ணத்தில் நாலு முறுக்கைப் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் புறப்படுவதற்கு முன்னால் சார்வாள் பின்னறைக்குப் போனார். மிஷினை ஒருமுறை அன்போடு துடைத்தார். இரண்டு கதவுகளையும் பார்த்தார். பிறகு மறையைத் திருகி, உருளையைச் சுற்றுகிற கைப்பிடியை மெல்லக் கழற்றி, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பை என்ன இன்னைக்கு இந்தக் கனம் கனக்கு?" என்றாள் ருக்மிணி, எடுத்துக் கொடுக்கும்போது.

"போர்டுல வட்டம் போடுத காம்பஸ்" என்றார் சார்வாள்.